பாட்டாமார்காவில் ஒரு கல்யாணம்

மே 14, லிமா

கோயமுத்தூரில் விமானம் ஏறியதிலிருந்து என் சம்சாரம் துளசிமணியின் முனகலைக் கேட்டுக்கொண்டே பூமியின் மறுபக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். கால் வீங்கிவிட்டதாம். இத்தனை நேரம் தொங்கப் போட்டால் யார் காலும்தான் வீங்கும். என் காலும் வீங்கித்தான் இருக்கிறது. நான் யாரிடமாவது போய்ச் சொன்னேனா?

குழுவில் எல்லாரும் நம் கொங்குப் பக்கத்து ஆட்கள். மில் வைத்திருப்பவர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், ஒரு பல் டாக்டர், அவர் சம்சாரம். சமையலுக்கும் ஊரிலிருந்தே ஆளைக் கூட்டி வந்துவிட்டதால் ரசத்துக்குக் குறைவில்லை. பம்புசெட் தொழிலில் இருந்தவன் நான் ஒருவன்தான். ஈரோட்டிலிருந்து வசுமதி மேடம் என்று ஒருவர் தனியாக வந்திருக்கிறார். கல்லூரியில் சரித்திரப் பாடம் எடுத்தவர். கணவர் தவறி நாலைந்து வருடம் ஆகிறதாம். தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடக்கிறார். பார்க்கத் தெம்பாக இருந்தது.

காலை டிபன் சமயத்தில் ஓட்டல் சர்வர் காப்பிக் கூஜாவைக் காட்டித் துளசிமணியிடம் ஏதோ கேட்டான். இவள் எழுந்து நின்று கும்பிட்டு, "வேண்டாமுங்க, உங்களுக்கு எதுக்குங் சிரமம், இப்பத்தானுங் ஊட்டுல குடிச்சோம்" என்றாள். லிமாவில் இவளுக்கு வீடு இருக்கிறது! பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ரொட்டி வெளியே வந்துவிட்டது. வசுமதி மேடமும் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று.

அறைக்கு வந்ததும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "இனி எவன் எதைக் கேட்டாலும் ஆமான்னு தலையாட்டு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசின, பாத்துக்க."

"ஆமாங்" என்றாள்.

"அந்த 'ங்'கும் வேண்டாம். வெறும் ஆமா."

மே 16, குஸ்கோ

மலைமேல் இருக்கிற பழைய ராஜதானி. விமானத்தைவிட்டு இறங்கி நாலு எட்டு வைத்ததுமே மூச்சு வாங்குகிறது. உள்ளே காற்றுப் பிடித்த பம்பு ஓடும், ஆனால் தண்ணீர் ஏறாது. குழுவில் பாதிப் பேர் அந்த நிலைமையில்தான் சோபாக்களில் கிடக்கிறார்கள். கோக்கா இலையைப் போட்டு வெந்நீர் கொடுத்தார்கள். வைக்கோல் வாசம்.

மலை உயரம் ஒத்துக்கொள்வதற்கென்று ஊரில் நம் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை இருக்கிறது, ஆளுக்கொரு அட்டை. அதில் ஒரு தொந்தரவு, போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். துளசிமணிக்கு ஏற்கெனவே அடக்க முடியாத வியாதி. இதுவும் சேர்ந்தால் ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, எல்லாரும் காத்திருக்க, இவள் பாறைக்குப் பின்னால் ஒதுங்க, அந்த அசிங்கம் எனக்கு வேண்டாம். அவள் அட்டையையும் என் பையிலேயே வைத்துக்கொண்டேன். நான் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரில் ஒருவராவது திடமாக இருக்க வேண்டும்.

மே 17, குஸ்கோ

துளசிமணிக்குத் தலைவலி. சாப்பிடவில்லை. இரண்டு தடவை வாந்தி.

நாளைக்குத்தான் பாட்டாமார்கா கிராமம். இந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியதே அது ஒன்றுதான். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, அந்தக் காலத்திலேயே மலை முகட்டில் கல்லைக் குடைந்து தண்ணீர் ஓட்டியிருக்கிறார்கள், இன்றைக்கும் ஓடுகிறது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை மேலே ஏற்றிப் பிழைத்தவன் அதைப் பார்க்காமல் போனால் என்ன பிறவி?

கைடு வந்து, யாருக்காவது தலைவலி, வாந்தி இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அவர்கள் நாளை வரக்கூடாது, துணைக்கு ஒருவரும் இங்கேயே தங்க வேண்டும் என்றாள். துளசிமணி என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

மே 18, குஸ்கோ

கிளினிக்கில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பார்த்ததை அன்றன்றைக்கே எழுதாவிட்டால் மறந்துபோகும்.

கைடின் பெயர் யானெத். முப்பது வயதுக்குள் இருக்கும். வீட்டில் இந்த மலைக்காரர்களின் கெச்சுவா பாஷை பேசுகிறவள், எங்களிடம் இங்கிலீஷ். பஸ் கிளம்பியதும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் முன்னோர்கள் மூன்றே மூன்று சட்டம் வைத்திருந்தார்கள் என்று சொல்லி ஒப்பித்தாள். ஆமா சுவா, ஆமா லுல்லா, ஆமா கெல்லா. திருடாதே, பொய் சொல்லாதே, சோம்பி உட்காராதே. ஆமா என்றால் அவர்கள் பாஷையில் வேண்டாம், செய்யாதே என்று அர்த்தமாம். நம் ஆமாதான், கொஞ்சம் குட்டையாகச் சொல்கிறார்கள்.

பஸ்ஸே குலுங்கியது. வசுமதி மேடம் எழுந்து, "அப்ப நாங்க வந்த நாளா உங்க ஆளுங்ககிட்ட வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லிட்டு இருக்கறோமா?" என்று இங்கிலீஷிலும் தமிழிலும் கேட்டார். யானெத்துக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அதோடு விட்டாளா? மாமா என்றால் அம்மாவாம். வயதான பெண்களை மரியாதையாக மாமா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். பல் டாக்டர் தன் சம்சாரத்தைப் பார்த்து, "இனி என்னை மாமான்னு கூப்புடாதே, சேலை கட்டி உட்டுருவாங்க" என்றார். நல்ல தமாஷ்.

துளசிமணி கடைசி சீட்டில் பிளாஸ்டிக் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அவள் காதில் எங்கே விழுந்திருக்கப் போகிறது. எல்லாருக்கும் முன்னால் போய் அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்கும் பொறுமையில்லை.

கிராமம் அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கீழே பெரிய பெரிய கருங்கல் சுவர், கத்தி நுழையாத இணைப்பு. அதன் தலையில் பிற்பாடு வந்த ஸ்பெயின்காரன் சுண்ணாம்புச் சுவர் வைத்துத் தேவாலயம் கட்டியிருக்கிறான். நடுவில் பெரிய சதுக்கம். நெசவுச் சங்கத்துப் பெண்கள் சிவப்புப் பாவாடையும் தட்டு மாதிரித் தொப்பியுமாக வரிசையில் நின்று எங்கள் தலையில் மஞ்சள் பூவைத் தூவினார்கள். சங்கத்துக்குத் தலைவி மாமா பௌலினா. தோல் சுருங்கிய குள்ளக் கிழவி. அவளுக்கு ஸ்பானிஷ்கூட வராது, கெச்சுவா மட்டும்தான்.

சதுக்கத்தைக் கடக்கும்போதே துளசிமணி என் சட்டையைப் பிடித்தாள்.

"ஏனுங் மாமா, கண்ணு இருட்டிட்டு வருதுங். தலைக்குள்ள யாரோ இடிக்கறாப்பல இருக்குதுங்."

"இங்க வந்து ஆரம்பிக்காத."

"என்னால ஏற முடியாதுங். நீங்க போயிட்டு வாங். நானு இங்கயே உக்காந்துக்கறனுங்."

"உக்காரு. யாராச்சும் வந்து கேட்டா என்ன சொல்லணும்?"

"ஆமான்னு சொல்லோணும்" என்றாள். தேவாலயத்து வாசலில் கல் பெஞ்சு இருந்தது, அதில் உட்கார வைத்தேன். தண்ணீர் பாட்டில் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. ஏறப் போகிறவன் நான் என்பதால் எடுத்துக்கொண்டேன்.

மேலே வாய்க்காலைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. ஒரே கல்லில் குடைந்து, தண்ணீர் எங்கே வேகம் கூட வேண்டுமோ அங்கே குறுக்கி, எங்கே அடங்க வேண்டுமோ அங்கே வளைத்து, வாட்டம் பிசகாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற வசுமதி மேடத்துக்கு அந்தச் சூட்சுமத்தை விளக்கினேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் துளசிமணி என் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன் என்பது வேறு விஷயம்.

இறங்கி வந்ததும் நெசவுச் சங்கத்து முற்றம். கம்பளி நூலுக்குச் சாயம் போடுவதைக் காட்டினார்கள். சப்பாத்திக் கள்ளியில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே ஒரு பூச்சி, அதை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் ரத்தச் சிவப்பு. எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சு. வசுமதி மேடம் அதை விரலில் தொட்டு உதட்டில் பூசிக்கொண்டு, "எப்படி இருக்குதுங்க சார்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

பிறகு வந்ததுதான் இன்றைய நாளின் விசேஷம். சுற்றுலாக்காரர்களில் ஒரு ஜோடிக்கு அவர்கள் முறைப்படி கல்யாணம் செய்து வைப்பார்கள், எல்லாம் விளையாட்டுக்குத்தான். யார் வருகிறீர்கள் என்று யானெத் கேட்டதும் பல் டாக்டர் என்னைப் பிடித்துத் தள்ளினார். என் சம்சாரத்துக்குக் கால் வலி, வரமுடியாது என்றேன். "அதுக்கென்ன, மேடம் இருக்காங்கல்ல" என்றார் அவர். மேடம் முதலில் கூச்சப்பட்டு, அப்புறம் சரி என்றார். எனக்குச் சிவப்புக் கம்பளியை மாட்டி, காது மூடுகிற தொப்பி வைத்தார்கள், நம் ஊர்க் குரங்குக் குல்லாதான், மணி மணியாகத் தைத்திருக்கிறது. மேடத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து பாவாடை. இருவர் கையையும் சேர்த்து நெய்த நாடாவால் கட்டினார்கள். சோளக் கள்ளை மண்ணில் கொஞ்சம் ஊற்றிவிட்டு எங்களுக்கும் கொடுத்தார்கள். மத்தளமும் குழலும் பிளந்து கட்ட, சுற்றிச் சுற்றி ஆடினோம். பல் டாக்டர் சம்சாரம் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு மூச்சே வாங்கவில்லை.

துளசிமணி உட்கார்ந்திருந்த பெஞ்சு முற்றத்திலிருந்து தெரிகிற தூரம்தான். ஆனால் அத்தனை மத்தளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. வேறு எந்தச் சத்தமும் காதில் விழுந்திருக்க முடியாது.

சாப்பாட்டுக்கு முன்னால் அவளைக் கூப்பிடலாம் என்று எட்டிப் பார்த்தேன். கிழவி பௌலினாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கே போனாலும் தூக்கம்! எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டேன். மண்கட்டியை அடுக்கிச் சுட வைத்து, உள்ளே உருளைக்கிழங்கைப் போட்டு, கட்டிகளை அதன்மேல் இடித்துத் தள்ளி மூடி, அந்தச் சூட்டிலேயே வேக வைக்கிறார்கள். அப்படி ஒரு கிழங்கை நான் சாப்பிட்டதே இல்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்புகிற சமயத்தில் துளசிமணி எழுந்திருக்கவில்லை. உதடு நீலம். பஸ்ஸிலேயே படுக்க வைத்து இங்கே கொண்டுவந்தார்கள். நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்திருக்கிறது என்கிறார்கள். உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். எனக்கும் இந்த நாற்காலியில் முதுகு ஒடிகிறது.

மே 19

நினைவு திரும்பவில்லை.

மே 20

யானெத் வந்தாள். கூடவே பௌலினா கிழவியும், கிராமத்திலிருந்து பஸ் பிடித்து. கையில் ஒரு பை உருளைக்கிழங்கு. கண்ணாடி வழியாகத் துளசிமணியைப் பார்த்துவிட்டுக் கிழவி ஏதேதோ சொன்னாள், யானெத் எனக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் மாமா, மாமா என்று கூப்பிட்டார்களாம். பாவம், உடம்புக்கு முடியாமல் தாயைத் தேடுகிறாள் என்று கிழவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அணைத்துக்கொண்டாளாம். உதடு நீலமாக மாறியதைப் பார்த்ததும் சங்கத்துப் பெண்கள் ஆக்சிஜன் புட்டியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். முகமூடியை வைக்கப்போன கையைத் தடுத்து, அந்த அம்மாள் ஆமா, ஆமா என்றார்களாம். கீழ் ஊர் மருத்துவ நிலையத்துக்குத் தூக்கிப் போகலாம் என்று கைகொடுத்தபோதும் அதையேதான் சொன்னார்களாம். முன்பு ஒரு வெளிநாட்டுக்காரியின் முகத்தில் கட்டாயமாக வைத்துவிட்டு, பெரிய சண்டையாகி, அதிலிருந்து ஒருவர் வேண்டாம் என்றால் தொடக்கூடாது என்று சங்கத்தில் முடிவு எடுத்திருக்கிறார்கள். அதனால் விட்டுவிட்டார்களாம். யானெத்தைத் தேடினால் அவள் சமையல் பக்கம் போயிருந்தாளாம்.

சொல்லி முடித்ததும் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன கேட்கிறாள் என்றேன். "நீ அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்கிறார்கள்" என்றாள் யானெத். அவளே கிழவிக்கு ஏதோ பதில் சொன்னாள்.

அவர்கள் போனதும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பாஷைக் குழப்பம்! இவள் சரி சரி என்று சொல்லியிருக்கிறாள், அவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் யார் மேலும் தப்பில்லை. டல்லாஸில் இருக்கும் மகள் சுகந்திக்குப் போன் போட்டு இதை இப்படியே சொன்னேன். "நீங்க எங்கீங்ப்பா இருந்தீங்க?" என்று அவளும் அதையே கேட்டாள். மேலே வாய்க்கால் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அதுவும் நடந்ததுதானே.

மே 21

குழு மச்சு பிச்சுவுக்குக் கிளம்பிவிட்டது. நான் மட்டும் இங்கே. வசுமதி மேடம் கிளினிக் வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. "சீக்கிரம் சரியாயிரும் சார்" என்றார். உதட்டில் அந்தச் சிவப்பு இல்லை.

மே 23, லிமா

நேற்று கண்ணைத் திறந்தாள். உயரம் ஆகாது என்று இன்று விமானத்தில் நர்சோடு லிமாவுக்கு இறக்கிவிட்டார்கள். என்னைப் பார்க்கிறாள், பேசவில்லை. டாக்டர் எதைக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்கிறேன். மலை மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டார். அவள் போட மறந்திருப்பாள் என்றேன்.

மே 26

சுகந்தி வந்துவிட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை, கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"அம்மா, என்னாச்சும்மா? அப்பா எங்க போனாரு?"

நான் கதவுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றேன்.

"பாசை புரியல கண்ணு" என்றாள் துளசிமணி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவங்க ஒண்ணு கேட்டாங்க, நானொண்ணு சொன்னேன். அப்பா என்ன பண்ணுவாரு, மேல போயிருந்தாரு."

எப்படியும் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். கீழே போய் ஒரு காப்பி குடித்தேன்.

மே 28

இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதினால்தான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரியும்.

சுகந்தி மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இனிமே பாஷை தெரியாத ஊருக்கு உன்னைக் கூட்டிட்டு வந்தா என்னைச் செருப்பால அடி" என்றேன். சமாதானமாகத்தான் சொன்னேன்.

"பாசை தெரியுமுங் எனக்கு" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஆமான்னா வேண்டாம்னு அர்த்தமுங். அந்தப் புள்ள பஸ்சுல சொல்லுச்சில்லீங்களா. வாந்தி எடுத்தா காது கேக்காதுங்களா?"

"அப்பறம் எதுக்குடி அப்படிச் சொன்ன?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ரெண்டு வாட்டி மாமான்னு கூப்புட்டனுங். மொத வாட்டி உங்களுக்குக் கேக்கல. ரெண்டாவது வாட்டி திரும்பிப் பாத்தீங். என்ற கண்ணையே பாத்தீங். பாத்துப்போட்டு, அந்தம்மா கையப் புடிச்சிட்டு அந்தப் பக்கமாத் திரும்பிட்டீங். அதுக்கப்பறந்தானுங் அவீக வந்து மூஞ்சில அதைய வெக்க வந்தாங்க. பொழச்சு எந்திரிச்சு மறுபடியும் உங்ககூட வரோணுமேன்னு நெனச்சனுங். வேண்டாம்னு சொன்னேன். தெரிஞ்சுதானுங் சொன்னேன்."

"மூளையில தண்ணி கோத்தவ பேசற பேச்சு இது" என்றேன்.

"இருக்கட்டுங்."

"இதை வெளிய சொன்னா எவன் நம்புவான்?"

"யாருகிட்டயும் சொல்லப் போறதில்லீங். சுகந்தி கேட்டப்பக்கூடச் சொல்லலீங்களே. அவளுக்கு அப்பன்னு ஒருத்தரு வேணுமல்லங். நானு அவகூடப் போறேன். நீங்க ஊருக்குப் போங்."

கோபத்தில் கையை அடிக்கிற மாதிரி ஓங்கியது உண்மை. அவள் கண்ணை மூடக்கூட இல்லை, ஓங்கின கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நர்ஸ் வந்துவிட்டாள். கையை அப்படியே கொண்டுபோய்த் தலையைச் சொறிந்துகொண்டேன்.

மே 29

டாக்டரைத் தனியாகப் பார்த்து, இந்த வியாதி வந்தவர்கள் இல்லாததை இருப்பதாகச் சொல்வார்களா என்று கேட்டேன். சொல்லக்கூடும் என்றார். அதுதான் விஷயம்.

மே 31

அவர்கள் புறப்பட்டார்கள். சுகந்தியின் இரண்டு பிரசவத்துக்குப் போய் வந்ததால் அமெரிக்க விசா இவளுக்குக் கையிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட் மட்டும் என் இடுப்புப் பையில் இருந்தது. இவ்வளவு நீளப் பயணம் உடம்பு தாங்காது, டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். போகலாம் என்று டாக்டர் கொடுத்த கடிதத்தைச் சுகந்தி ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட்டுக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன்.

சக்கர நாற்காலியில் போகும்போது துளசிமணி திரும்பிப் பார்ப்பாள் என்று தூண் ஓரமாகவே நின்றேன். கண்ணாடிக் கதவு மூடிய பிறகும் நின்றேன். கால் வலித்தது.

ஜூன் 6, கோயமுத்தூர்

வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சர்க்கரை டப்பா என்று நினைத்து உப்பைப் போட்டுக் காப்பி குடித்தேன். வேலைக்கு வருகிற பொம்பளை, "அக்கா எப்பங்கய்யா வருவாங்க?" என்று தினமும் கேட்கிறாள். உன் வேலையைப் பார் என்று விரட்டினேன். இன்று அவளும் வரவில்லை.

ஜூன் 9

காலை நடைக்கு வருகிற கூட்டாளிகளிடம் பாட்டாமார்கா கதையைச் சொன்னேன். ஆமா என்றால் வேண்டாமாம், மாமா என்றால் அம்மாவாம், என் சம்சாரம் என்னைக் கூப்பிட, ஒரு கிழவி ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டாளாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தென்னந்தோப்புக்காரர், நாளைக்கு என் மச்சானைக் கூட்டி வருகிறேன், அவனுக்கும் ஒரு தடவை சொல்லு என்றார். சொல்லச் சொல்ல நன்றாக வருகிறது. கிழவியின் அழுகையை மட்டும் விட்டுவிட்டேன்.

ஜூன் 14

சுகந்தி வாரம் ஒரு தடவை கூப்பிடுகிறாள். அம்மாவிடம் கொடு என்றால் தூங்குகிறாள் என்கிறாள். அங்கே பகல் நேரம்.

ஜூன் 17

பல் டாக்டர் சம்சாரம் அந்தக் கல்யாண வீடியோவை வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார். 'மறக்க முடியாத நாள்' என்று மேலே எழுதி.

பார்த்தேன். குல்லா எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கையில் நாடா கட்டுகிறார்கள், பூப் போடுகிறார்கள், மேடம் சிரிக்கிறார். மூலையில் தேவாலயமும் பெஞ்சும் சின்னதாகத் தெரிகின்றன. ஓர் இடத்தில் நான் திரும்புகிறேன். குல்லா நழுவியிருக்கும், அதைச் சரிசெய்யத் திரும்பியிருப்பேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். குல்லா நேராகத்தான் இருக்கிறது. மத்தளத்தை ஒரு கணம் நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கிறார்கள், அந்த இடைவெளியில் குரல் கேட்கிறது. தெளிவாகவே கேட்கிறது. ஆனாலும் வெளிநாட்டில் யார் வேண்டுமானாலும் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். அங்கே கிழவிகளை எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். போனிலிருந்து அழித்துவிட்டேன்.

அழித்த பிறகுதான் கீழே வந்திருந்தவற்றைப் படித்தேன். சூப்பர் ஜோடி, என்று பல் டாக்டர். கல்யாணச் சாப்பாடு எப்போது, என்று ஒரு வாத்தியார். அதற்கடுத்து துளசிமணியின் பெயர். அவளும் அந்தக் குழுவில் இருப்பது எனக்கு நினைப்பே இல்லை. தமிழில் அடிக்க யார் சொல்லிக் கொடுத்தார்களோ, எழுத்துப் பிழைகூட இல்லை.

'மாப்பிள்ளை நல்லா இருக்காருங்க. பொண்ணுதான் பாவம்.'

அதற்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். இந்தம்மாவுக்கு இவ்வளவு தமாஷ் வருமா என்று பல் டாக்டர் கேட்டிருக்கிறார். வரிசையாகக் கைதட்டல் பொம்மை. வசுமதி மேடம் மட்டும் ஒன்றும் போடாமல் குழுவிலிருந்து வெளியேறியிருக்கிறார்.

என்ன சார், மாப்பிள்ளை ஒன்றும் பேசவே இல்லையே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பேசாமல் இருந்தால் ஏதாவது நினைப்பார்கள். நானும் ஒரு கைதட்டல் போட்டேன்.